பாலிஹவுஸ் தரை: முதலில் வாட்டம், பிறகு விரிப்பு

பாலிஹவுஸ் போட விலை விசாரித்து வருகிறவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். கூரைத் தாள் 200 மைக்ரானா, குழாய் என்ன தடிமன், பக்கவாட்டு வலை எத்தனை மெஷ், மானியம் எப்போது கைக்கு வரும். இதையெல்லாம் துருவித் துருவிக் கேட்பவர்கள் தரையைப் பற்றி வாய் திறப்பதில்லை. நானாக ஆரம்பித்தால், "தரைக்கு என்னங்க இருக்குது? மண்ணு கிடக்குது, பாத்தி புடிச்சுக்கறோம்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம் குடில் கட்டிக்கொடுப்பதும், கட்டிய குடில்களுக்குப் பிறகு போய்ப் பார்த்து வைத்தியம் சொல்வதும் என் பிழைப்பு. நான் பார்த்தவரையில், காற்று பிய்த்துப்போட்ட கூரைகளைவிடத் தரை கெடுத்த தோட்டங்கள் அதிகம். கூரை கிழிந்தால் அன்றைக்கே ஊருக்குத் தெரியும். தரை கெடுவது இரண்டாவது வருஷம்தான் தெரியவரும். அப்போதும் "மருந்து சரியில்லை", "நாத்து சரியில்லை" என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், செம்மண், பெங்களூரு விமான நிலையம் கைக்கெட்டும் தூரம். இந்த மூன்றும் சேர்ந்துதான் இந்தப் பக்கத்தை ரோஜாவுக்கும் ஜெர்பராவுக்கும் பேர்போனதாக ஆக்கின. தளியில் இந்திய–இஸ்ரேல் திட்டத்தில் மலர்களுக்கென்றே ஒரு மகத்துவ மையம் இருக்கிறது. காய்கறிக்கானது திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரத்தில். புதிதாக இறங்குகிறவர்கள் பணம் போடும் முன் ஒருநாள் அங்கே போய், மேலே பார்க்காமல் கீழே பார்த்து நடந்துவிட்டு வரட்டும் என்பேன். பாத்தி எவ்வளவு உயரம், பாதை எவ்வளவு அகலம், வடிகால் எந்தப் பக்கம் என்று கண்ணால் பார்த்துவிட்டால் பாதிப் பேச்சு மிச்சம்.

தரைக்கு என்ன போடலாம் என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வேர் எங்கே இருக்கப்போகிறது? ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன் போல மண்ணிலேயே நடுவதாக இருந்தால் தரைதான் பயிருக்கு வீடு. அதை மூடும் பேச்சே கிடையாது, பாதையை மட்டும் யோசித்தால் போதும். வெள்ளரி, குடைமிளகாயைத் தேங்காய் நார்க்கழிவுப் பைகளில் வளர்ப்பதாக இருந்தால் நேர்மாறு. அங்கே மண்ணையும் பயிரையும் ஒன்றையொன்று பார்க்கவிடாமல் பிரித்துவைக்க வேண்டும். நாற்றுப் பண்ணை என்றால் தரை வேறு, தட்டு வைக்கும் தளம் வேறு. இந்த மூன்றில் எது என்று தெரியாமல், "பக்கத்துத் தோட்டத்துல கருப்புப் பாய் விரிச்சிருக்காங்க, எனக்கும் அதையே போடுங்க" என்றால் யாராலும் சரியாகச் செய்துகொடுக்க முடியாது.

மூன்றுக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. கொத்தனார்கள் வாட்டம் என்பார்களே, அது. தண்ணீர் எந்த மூலையை நோக்கி ஓடவேண்டும் என்று முடிவுசெய்து, தூண் குழி எடுப்பதற்கு முன்பே மண்ணை அந்தப் பக்கம் சரித்துவிட வேண்டும். நூறு அடி நீளத்துக்கு அரை அடியிலிருந்து ஓர் அடி இறக்கம் இருந்தால் போதும். கண் மட்டத்தை நம்பக்கூடாது. டியூப் லெவல் போட்டுப் பார்த்தால், நாம் சமம் என்று நினைத்த வயல் ஒரு முழம் ஏறி இறங்கி நிற்கும். மேடு வெட்டிப் பள்ளம் நிரப்பிய இடத்தில் திம்சு போட்டு இறுக்காமல் விட்டால், முதல் மழைக்கே அந்த இடம் உட்கார்ந்து குட்டையாகிவிடும்.

கூரை இருக்கிறதே, மழைத் தண்ணீர் எப்படி உள்ளே வரும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். ஆயிரம் சதுர மீட்டர் கூரைமேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 50,000 லிட்டர். வெட்டவெளி என்றால் அது பரவலாக விழுந்து மண்ணில் ஊறியிருக்கும். இங்கே அத்தனையும் கட்டர் வழியாக இரண்டு மூன்று இடங்களில் மட்டும் கொட்டுகிறது. அந்தத் தண்ணீரைக் குழாய் வைத்துக் குட்டைக்கோ கிணற்றுக்கோ கொண்டுபோகாமல் தூண் ஓரத்திலேயே விட்டால், பக்கத் தாளுக்கு அடியில் புகுந்து கடைசிப் பாத்தியில் வந்து நிற்கும். உள்தரை வெளித்தரையைவிட முக்கால் அடியாவது உயரமாக இருக்கவேண்டும் என்பதும், சுற்றிலும் ஒரு வாய்க்கால் எடுக்கவேண்டும் என்பதும் இதனால்தான்.

ராயக்கோட்டைப் பக்கம் ஒரு குடைமிளகாய்த் தோட்டம். வேறொருவர் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனது, இருக்கும் நிலத்திலேயே தாழ்ந்த மூலையில். கிணறு பக்கம், கரண்ட் பக்கம், அதனால் அங்கே போட்டார்களாம். ஐப்பசி மழையில் உள்ளே ஈரம் சுரந்து, செடிகள் அடித்தண்டு கறுத்து வரிசையாகச் சாய்ந்தன. பைட்டோப்தோரா அழுகல் நோய். நான் போனபோது தூண்கள் கான்கிரீட்டில் நின்றுவிட்டன, தரையை உயர்த்த வழியில்லை. சுற்றிலும் இரண்டடி ஆழத்துக்குக் குழி எடுத்து, ஓட்டை போட்ட பிவிசி குழாய் பதித்து, ஒன்றரை இன்ச் ஜல்லியால் மூடி, பாத்திகளை ஒன்றரை அடிக்கு ஏற்றினோம். தோட்டம் பிழைத்தது. ஆனால் அந்தச் செலவில் முதலிலேயே பத்துப் பதினைந்து டிப்பர் மண் அடித்திருந்தால் மிச்சப் பணத்தில் சொட்டுநீரே போட்டிருக்கலாம்.

வாட்டம் முடிந்தபிறகுதான் மேலே என்ன போடுவது என்ற பேச்சு. மண்ணில் நடும் பயிர் என்றால், பாதையை வெறும் மண்ணாகவே விடுவதில் ஒரு லாபம் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் குடிலுக்குள் காற்று காய்ந்து, ரோஜா இலையடியில் சிவப்புச் சிலந்திப்பேன் குடியேறும். அப்போது நண்பகலில் பாதைக்குத் தண்ணீர் விட்டால் மண் அதை வாங்கி வைத்துக்கொண்டு மெள்ள ஆவியாக்கும். உள்ளே சூடும் தணியும், மைட்ஸும் கொஞ்சம் அடங்கும். அதே மண் பாதை கார்த்திகை, மார்கழியில் எதிரியாகிவிடும். ராத்திரி முழுக்க ஈரத்தைக் கக்கிக்கொண்டிருக்கும், விடியும்போது இலை நனைந்திருக்கும், டவுனி, பொட்ரைட்டிஸ் நோய்களும் வந்துவிடும். பிப்ரவரி 14-ஐ நம்பித் தாஜ்மகால் ரோஜா போட்டவருக்கு இந்த இரண்டு மாதம்தான் உயிர். பாதைக்குத் தண்ணீர் விடுவதானால் மூன்று மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

மண் பாதையின் இன்னொரு தொல்லை கால். இந்தப் பக்கம் தக்காளி போடாத காடு குறைவு, தக்காளி வேரில் வேர்முடிச்சு நூற்புழு இல்லாத காடும் குறைவு. காலையில் சொந்தத் தக்காளிக் காட்டில் கொடிகட்டிவிட்டு அதே செருப்போடு குடிலுக்குள் வந்தால், செருப்பில் ஒட்டிய மண்ணோடு நூற்புழுவும் வரும். வாடல் நோய்ப் பூஞ்சையும் அப்படித்தான். வாசலில் இரட்டைக் கதவுக்கு நடுவே நாலுக்கு மூன்றடி ஒரு கான்கிரீட் தொட்டி கட்டி, பர்மாங்கனேட் கரைசலோ சுண்ணாம்போ போட்டு, அதில் கால் நனைத்துத்தான் உள்ளே வரவேண்டும் என்று வைப்பதற்கு ஆகும் செலவு அற்பம். அதைக் கட்டாத முதலாளிகளும் உண்டு, கட்டிவிட்டு அதில் உடைந்த வாளியைப் போட்டுவைத்திருப்பவர்களும் உண்டு.

பாதைக்கு ஜல்லி போடலாமா என்று கேட்பவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை, கிரஷர் எந்தத் திசையில் போனாலும் இருக்கிறது. போடலாம், அளவு தெரிந்து போடவேண்டும். ஒன்றரை ஜல்லி மலிவு என்று அதைப் பாதையில் கொட்டிய ஒரு தோட்டத்தில், பூ அறுக்கும் அக்கா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அண்ணா, தண்ணி வாளியத் தூக்கிக்கிட்டு இதுல நடந்தா கணுக்கால் திரும்பிக்குது. முதலாளிகிட்ட நாங்க சொன்னா கேக்க மாட்டாரு, நீங்க சொல்லுங்க." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஒன்றரை ஜல்லி அடியில் வடிகாலுக்கு நல்லது, காலுக்கு ஆகாது. பொடிக்கல்லான சிப்ஸ் செருப்பில் ஒட்டிப் பாத்திக்குள் போய்விடும். நடக்க ஏற்றது முக்கால் இன்ச் ஜல்லிதான். உருண்டைக் கூழாங்கல் பார்க்க அழகு, ஆனால் மிதித்தால் உருளும். உடைத்த ஜல்லி ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு நிற்கும்.

ஜல்லிக்கு அடியில் ஒரு துணி விரிப்பு கட்டாயம் வேண்டும். சாலைக்காரர்கள் ஜியோ டெக்ஸ்டைல் என்கிறார்கள், அது கிடைக்காவிட்டால் களைக்கு விரிக்கும் வீட் மேட்டே போதும். இல்லையென்றால் இரண்டு மழைக்காலத்தில் ஜல்லி கீழே இறங்கி, மண் மேலே ஏறி, காசு போட்ட சுவடே இருக்காது. எவ்வளவு வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். ஆயிரம் சதுர மீட்டர் குடிலில் மூன்றில் ஒரு பங்கு பாதை என்று வைத்தால், இரண்டு இன்ச் கனத்துக்கு ஏறக்குறைய ஆறு யூனிட் ஜல்லி. குடில் முழுவதும் கொட்டினால் பதினெட்டு யூனிட். நாற்றுப் பண்ணைக்கு மட்டுமே முழுவதும் தேவைப்படும். அங்கே ஜல்லியின் அருமை வேறு: பூவாளித் தண்ணீர் வெறும் மண்ணில் அடித்தால் சேறு தெறித்து இலையில் ஒட்டும், அதில் நாற்றழுகல் பூஞ்சை இருக்கும். ஜல்லியில் விழும் துளி உடைந்து உள்ளே போய்விடும், தெறிக்காது.

வீட் மேட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏமாறுவதும் இதில்தான் அதிகம். மல்ச்சிங் ஷீட்டையும் வீட் மேட்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மல்ச்சிங் ஷீட் 25, 30 மைக்ரான் பிளாஸ்டிக் தாள். பாத்தியின்மேல் போட்டுச் செடிக்கு மட்டும் ஓட்டை போடுவது. அதன்மேல் நடந்தால் கிழியும், தண்ணீர் தேங்கும். வீட் மேட் பாலிப்ரொப்பிலின் நாடாவால் நெய்த பாய், தண்ணீரைக் கீழே விடும், களையை மேலே விடாது. கடையில் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், ஜிஎஸ்எம் கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பது அது. நடமாட்டம் உள்ள இடத்துக்கு நூறுக்குக் குறையாமல் வாங்கவேண்டும். வெயிலைத் தாங்கும் யுவி கலவை உண்டா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். அது இல்லாத சரக்கு ஒரே கோடையில் பொடிப்பொடியாக உதிரும். அந்த நார்களை மண்ணிலிருந்து பொறுக்கி எடுப்பதுபோல் எரிச்சலான வேலை வேறில்லை. நல்ல சரக்கு குடிலுக்குள் ஐந்தாறு வருஷம் உழைக்கும்.

விரிப்பதிலும் பக்குவம் இருக்கிறது. கத்தரியால் வெட்டினால் ஓரம் பிரிந்துகொண்டே போகும், காய்ச்சிய கத்தியால் வெட்டினால் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும். இரண்டு பாய் சேரும் இடத்தில் அரை அடி மேலேற்றி, இறக்கம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பார்த்த மாதிரி மடிப்பு விழவேண்டும், ஓடு வேய்வதைப் போல. கம்பிக் கொக்கி மூன்றடிக்கு ஒன்று. பாத்தி மூலைகளில் ஒரு முளைக்குழாய் நட்டுவிடுங்கள். மருந்தடிப்பவர் ஹோஸை இழுத்துக்கொண்டு திரும்பும்போது, அந்த ஹோஸ் பாயையும் கிளப்பும், மூலைச் செடியையும் ஒடிக்கும். எந்த வரைபடத்திலும் இந்த முளை இருக்காது, மருந்தடிக்கிறவரைக் கேட்டால்தான் தெரியும்.

கருப்பா வெள்ளையா? கருப்பு மலிவு, ஆனால் வெயில் நேரடியாக விழும் இடத்தில் சூடேறும். வெள்ளைப் பாய் வெளிச்சத்தைத் திருப்பி இலையடிக்கு அனுப்பும், உயரமாக ஏறும் வெள்ளரிக்கும் குடைமிளகாய்க்கும் அது நல்லது. அழுக்குப் படிந்தால் அந்தப் பலன் போய்விடும் என்பதால், கூட்டிச் சுத்தமாக வைத்திருக்க ஆள் உள்ளவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

பையில் வளர்க்கும் தோட்டத்தில் பாய் மட்டும் போதாது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு செடி, செடிக்கு நாளைக்கு இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஐயாயிரம் லிட்டர். பையில் உப்பு சேராமலிருக்க அதில் கால்வாசி வடிந்து வெளியேற வேண்டும். அதாவது தினமும் ஆயிரத்து இருநூறு லிட்டருக்குமேல் உரத்தண்ணீர் பைக்கடியில் இறங்குகிறது. அது பாயின்மேல் தேங்கினால் பாசி பிடிக்கும், பாசியில் சின்னக் கருப்புக் கொசுக்கள் பெருகும். பாயின் துளைகளும் நார்த்தூளால் அடைந்துகொண்டே வரும். பையை மண்ணில் வைக்காமல் ஒரு வாய்க்கால் தகட்டின்மேலோ செங்கல்மேலோ தூக்கிவைத்து, வடிநீரை ஓரக் குழாயில் சேர்த்து வெளியே கொண்டுபோய்த் தென்னைக்கோ தீவனப்புல்லுக்கோ விடுவதுதான் சரி.

கான்கிரீட் என்றதும் சிலருக்கு முகம் மலரும். முழுக் குடிலுக்கும் கான்கிரீட் கேட்டவர்களை நான் பெரும்பாலும் தடுத்துவிடுவேன். பகலில் குடித்த சூட்டை ராத்திரி திருப்பித் தருவது குளிர் நாட்டுக்காரனுக்கு வரம், நமக்குச் சித்திரையில் அது தேவையில்லை. லண்டன் கியூ தோட்டத்தில் 1848-இல் கட்டி முடித்த பனைமர மாளிகையில், தரையில் இரும்புச் சல்லடை பதித்து அதற்குக் கீழே கொதிகலன் வைத்துச் சூடேற்றினார்கள். நெதர்லாந்தில் இன்றைக்குத் தொட்டிச் செடிகளுக்குக் கான்கிரீட் தரையில் தண்ணீரை ஏற்றி இறக்கிப் பாய்ச்சுகிறார்கள், தரைக்குள்ளேயே வெந்நீர்க் குழாயும் ஓடும். அவர்களுடைய கவலை குளிர், நம்முடையது தண்ணீரும் சூடும். அவர்கள் தரையைப் படத்தில் பார்த்து ஆசைப்படுவதில் அர்த்தமில்லை.

ஆனால் வாசல், நடுப் பிரதானப் பாதை, பூ தரம் பிரிக்கும் கொட்டகை இந்த மூன்றுக்கும் கான்கிரீட்டை விட்டால் வேறு வழியில்லை. தள்ளுவண்டி ஜல்லியில் ஓடாது. நாலு இன்ச் கனம், அடியில் இறுக்கிய ஒன்றரை ஜல்லி, பத்தடிக்கு ஒரு வெட்டு. மேற்பூச்சை வழவழப்பாக இழைக்க மேஸ்திரிக்குக் கை துறுதுறுக்கும், விடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே ஒரு இழு இழுத்தால் சொரசொரப்பு வந்துவிடும். இழைத்த தரையில் ஆறே மாதத்தில் பாசி படரும், வெறுங்காலோடு வாளி தூக்கும் பெண்கள் வழுக்கி விழுவார்கள். உரம் கலக்கும் அறையில் சாதாரண சிமெண்ட் தரை நிற்காது. சொட்டுநீர்க் குழாய் கழுவ வைத்திருக்கும் ஆசிட் சிந்திச் சிந்தி அரித்துவிடும். ஆசிட் கேனுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்தாலே போதும். உடுமலை, பல்லடம் பக்கம் கரிசல் நிலத்தில் கான்கிரீட் போடுகிறவர்கள், மேல்மண்ணை எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்பி இறுக்கிய பிறகே போடவேண்டும். கரிசல் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும், மேலே இருப்பதை வெடிக்கவைக்காமல் விடாது.

நாற்றுப் பண்ணைக்காரர்களுக்கு ஒன்று. குழித்தட்டைத் தரையிலோ பாயின்மேலோ வைக்காதீர்கள். அடித்துளை வழியாக வேர் இறங்கி மண்ணைத் தேடும், எடுக்கும்போது அறுபடும், நட்டபிறகு நாற்று நாலு நாள் வாடி நிற்கும். கம்பிமேசையில் வைத்தால் துளைக்கு வெளியே வரும் வேர்நுனி காற்றில் காய்ந்து, உள்ளுக்குள் புதுவேர் அடர்த்தியாகக் கிளைக்கும். மேசைக்கு அடியில் முக்கால் ஜல்லி, நடக்கும் இடத்தில் மட்டும் கான்கிரீட் பட்டை. மணல் சேர்க்காமல் சிமெண்டும் ஜல்லியும் மட்டும் கலந்து போடும் கான்கிரீட் தண்ணீரை உள்ளே விடும் என்று சிலர் போடுகிறார்கள். விடும், நார்த்தூள் அடைக்கும்வரை.

நகரத்தில் மொட்டை மாடியில் நிழல்வலைக் குடில் போடுகிறவர்கள் இப்போது நிறைய அழைக்கிறார்கள். அவர்களுக்கு என் முதல் வார்த்தை, ஜல்லி வேண்டாம். ஒரு கன மீட்டர் ஜல்லி ஏறக்குறைய ஒன்றரை டன். நாலு இன்ச் கனத்துக்குக் கொட்டினால் சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஆட்கள் ஏறி நடமாடும் மாடிக்கு இந்தியக் கட்டுமான நெறிமுறை வைத்திருக்கும் சுமைக் கணக்கே அவ்வளவுதான். தரைக்கே அத்தனையும் போய்விட்டால் தொட்டிக்கும் தண்ணீருக்கும் ஆளுக்கும் எதை விடுவது? மாடியில் தரையை அப்படியே விட்டு, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பார்த்து, தொட்டிகளைக் கம்பி ஸ்டாண்டில் ஏற்றிவைத்து, வடிகுழாய் வாயில் ஒரு சல்லடை போட்டால் வேலை முடிந்தது.

விலைப்புள்ளி வாங்கப்போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டிக்கொடுக்கும் கம்பெனிகள் தரும் தாளில் குழாய், தாள், வலை, திருகாணிவரை கணக்கு இருக்கும், "நிலம் சமன்செய்து தருவது விவசாயியின் பொறுப்பு" என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடுமுன் அந்த வரியை நிறுத்திப் பேசுங்கள். இறக்கம் எந்தத் திசை, எத்தனை இன்ச், கூரைத் தண்ணீர் எங்கே போகிறது, வெளிவாய்க்கால் யார் எடுப்பது என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள். பணம் தட்டினால் பாயை அடுத்த வருஷம் விரித்துக்கொள்ளலாம், ஜல்லியையும் பிறகு கொட்டலாம். தூண் நட்ட பிறகு வாட்டத்தை மட்டும் மாற்ற முடியாது.